வெருளிக்குப் போட்ட சேட்டு

நாரந்தனையில் வீடு கட்டியபோது, கண்ணூறு படாமலிருக்க வைக்கோலில் ஒரு வெருளி செய்து முகப்பில் கட்டினேன். காற்றில் பறந்து வந்து வேலியோரம் கிடந்த பழைய நீளக்கைச் சேட்டொன்றை அதற்குப் போட்டுவிட்டேன். யாருடையதென்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா பின்னேரம் முழுக்க வேலிக்கரையில் நின்று பார்ப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"என்னக்கா, மற்றவை வீடு கட்டினால் உங்களுக்குப் பொறுக்காதோ?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"வீட்டைப் பாக்கேல்லைத் தம்பி. அது காணாமல்போன என்ரை மகன்ரை சேட்டு. காத்தடிக்கேக்கை கை ஆடுது. என்னைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு."

கழற்றிக் கொடுக்க ஏணியை எடுத்தேன்.

"இப்ப வேண்டாம். வீடு முடியட்டும். உங்களுக்குக் கண்ணூறு பட்டிடக் கூடாது" என்றார்.

அந்தக் கண்களுக்குத்தான் நான் பயந்திருந்தேன்.