மோனிஷாவுக்குப் பசிக்கவில்லை

பாகூர் ஏரிக்கரையில் ஒரு மாதமாகக் காலையில் என்னோடு ஓடிக்கொண்டிருந்த பெண் மோனிஷா. எதிர்வீடு, பத்தாம் வகுப்பு, கொஞ்சம் பருமன். இன்று அவள் வராததால் நானும் ஓடாமல் திரும்பிவிட்டேன்.

வழியில் மளிகைக் கடையில் அவளும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். அம்மா கையில் காய்ந்த மிளகாயும் கல் உப்பும்.

"இன்னா மோனி, ஆளையே காணோம்?" என்றேன்.

அம்மாதான் பதில் சொன்னார். "இனிமே வர மாட்டா. ஓடிட்டு வந்தா இட்லித் தட்டத் தள்ளி வுட்டுடுறா. ஊர்க் கண்ணு பட்டுடுச்சு, சுத்திப் போடணும்."

"அக்கா, வேகமா ஓடுனா செல பேருக்குக் கொஞ்ச நேரம் பசி எடுக்காது. அப்பறம் தானா பசிக்கும். அது நோவு இல்லக்கா."

"வயசுப் பொண்ணுக்குப் பசியே செத்துப்போச்சு, நோவு இல்லன்றியே!"

போன மாதம் இதே கடை வாசலில், "மூணு தோச தின்னுட்டு இன்னும் கேக்குறா, வெக்கமே இல்ல" என்று நாலு பேர் முன்னால் சொன்னவரும் இவர்தான். அப்போது சிரித்த கடைக்காரர் இன்று, "ஆமா, பொண்ணு இளைச்சுத்தான் போச்சு" என்று கூடவே ஒத்து ஊதினார்.

அம்மா சில்லறை வாங்கும் நேரத்தில் மோனிஷா என் பக்கம் வந்தாள்.

"பசிக்குதுன்னா அம்மா திட்டுது. பசிக்கலன்னா சுத்திப் போடுது. நா இன்னாதான்க்கா சொல்றது?"

அதற்குள் அம்மா கூப்பிட அவள் போய்விட்டாள்; நானும் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.

இன்று நான் ஓடவே இல்லை. ஆனாலும் தட்டில் வைத்த இட்லி அப்படியே இருக்கிறது. எனக்கு யார் சுற்றிப் போடப் போகிறீர்கள்?