முதல் மழைத் தவளை

எல்லோரும் மேமே, அதாவது அம்மா, என்று மரியாதையாகக் கூப்பிடும் லோய்தேவுக்கு எதற்கும் பயமில்லை என்று எங்கள் ஒண்டாங்வா ஊர்ச் சந்தையில் பேச்சு. அவளுடைய தையல் மெஷினுக்கு அடியில் பாம்பு நுழைந்தபோது, காலைக்கூடத் தூக்காமல் செருப்பால் விரட்டினாளாம். பக்கத்து வீட்டுக்காரனான எனக்குத்தான் தெரியும், மழைக்காலம் தொடங்கினால் அவளுக்குத் தூக்கம் போய்விடும் என்று.

வறண்ட மாதங்களில் காளைத்தவளைகள் களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கும். முதல் மழைக்கு மேலே வந்து, நீர் தேங்கும் ஓஷானா பள்ளங்களில் ஒவ்வொன்றும் ஒரு கைக்குள் அடங்காத பருமனில் உட்கார்ந்திருக்கும். லோய்தே பிறந்த மேற்குப் பக்கத்தில், அவை கூடிக் கத்தத் தொடங்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். அதுவரை அவற்றின் உடம்பில் விஷம் என்பார்கள். அவளுடைய அண்ணன் பொறுக்காமல் தின்று, சிறுநீர் கட்டி, வயிறு வீங்கிச் செத்தான். அவள் கணவன் ஹைடுலாவின் ஊரில் கத்தலுக்குக் காத்திருப்பதில்லை. பானையின் அடியில் ஒரு குறிப்பிட்ட மரத்தின் காய்ந்த துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் தவளையை வேகவைப்பார்கள். விஷத்தை மரம் குடித்துவிடும்.

போன வருடம் முதல் மழை பெய்த மறுநாள், மாமனார் சாக்கில் இரண்டு தவளைகளோடு வந்தார். முற்றத்தில் அவரே அடுப்பு மூட்டினார்.

"டாட்டேகுலு, இன்னும் ஒண்ணுகூடக் கத்தல," என்றாள் லோய்தே. மாமனாரை அவள் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவாள்.

"உங்க ஊர்ல தவளைகிட்ட அனுமதி வாங்கித்தான் சோறு திம்பீங்களா?" என்று சிரித்தார் கிழவர்.

அவருடைய மரத்துண்டுகள் மழையில் ஊறியிருந்தன. பழைய பெட்டிப் பலகை ஒன்றை உடைத்துப் பானையில் போட்டார். "காஞ்சிருக்குல்ல? அது போதும்."

அப்பாவும் மகனும் கம்புக் களியோடு தின்று தீர்த்தார்கள். அவள் தொடவில்லை.

மறுநாள் காலையில் என் கதவைத் தட்டினாள். "வண்டி எடுக்க முடியுமா? அவருக்கு வரமாட்டேங்குது."

சிறுநீர்தான் என்று புரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஹைடுலா முன்னிருக்கையில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். பின்னிருக்கையில் கிழவரும் லோய்தேவும். மருத்துவமனைக்குப் பாதி வழியில் ஹைடுலா, "நிறுத்துங்க" என்றான். முள்மரத்துக்குப் பின்னால் போனான். லோய்தே கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தப் பக்கமே காதைக் கொடுத்தாள். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"வந்துடுச்சு," என்று குரல் கேட்டது. "எரியுது. ஆனா வந்துடுச்சு."

அவள் முகத்தை தோளில் கிடந்த துணியால் மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீங்க சொன்ன நல்ல சேதி இது ஒண்ணுதான், டாட்டே," என்றாள் கணவனிடம், துணிக்குள்ளிருந்தே.

ஹைடுலா ஏறி உட்கார்ந்தான். "வீட்டுக்கே திரும்பிடலாமா?"

நான் ஸ்டீயரிங்கைத் திருப்பப் போனேன். பின்னால் கதவு திறந்தது. கிழவர் இறங்கி, அதே மரத்துக்குப் பின்னால் போனார்.

காத்திருந்தோம். ஒரு மாட்டு மந்தை சாலையைக் கடந்து போய் முடிந்தது. மரத்துக்குப் பின்னால் சத்தமே இல்லை.

"டாட்டேகுலு?" என்று கூப்பிட்டாள் லோய்தே.

அவர் நெற்றி வியர்த்துத் திரும்பி வந்தார். அவள் கண்ணைப் பார்க்காமல் அவள் நீட்டிய கையைப் பிடித்து ஏறினார்.

"எனக்கும் நேத்து ராத்திரியிலேருந்தே வரலம்மா," என்றார் மெல்ல.

அவள் என் தோளைத் தொட்டாள். "ஆஸ்பத்திரிக்கே போங்க. சீக்கிரம்."