எனக்குப் பொரியிட்ட அண்ணன்

அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், இந்த நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அண்ணியார் கேட்டுக்கொண்டார். அண்ணனுக்கும் எனக்கும் இரத்த உறவு கிடையாது. எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக, மாண்புமிகு என்ற பொருளில் எல்லோரும் அழைக்கும் 'வொய்பி'யாக, நெடுங்காலம் இருந்தவர் அவர். நான் அவருக்கு ஓட்டுப் போட்டவள். ஆனாலும் அண்ணன் என்று எழுத எனக்கு உரிமை உண்டு.

கிள்ளானை அடுத்த மேரு ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் சீவிய பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தவர் அண்ணன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அரசியலுக்கு வந்தார். முதல் தேர்தலில் தோற்றார். தோற்ற கையோடு கோயில் கூட்டத்துக்கு வந்து வழக்கம்போல நீளமாகப் பேசினார். மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார், அதுதான் அவரிடம் நாங்கள் கண்ட ஒரே குறை. அடுத்த தேர்தலில் வென்றார்.

எங்கள் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னவர்கள், மாற்று வீடு பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கோ தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிள்ளானில் ஒரு மண்டபம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அண்ணன் ஒப்பவில்லை.

"கல்யாணம் இங்கதான் நடக்கணும், சித்தப்பா. நாமளே கிளம்பிட்டா அப்புறம் யாரு நமக்கு வீடு குடுப்பா?"

முகூர்த்தத்தன்று காலை, நிறுவனத்து அதிகாரி ஒருவர் மண்வாரி இயந்திரத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பாதையை அடைத்து எங்கள் பந்தல் நின்றது. வொய்பி வந்து பேசட்டும் என்று ஆள் அனுப்பினார். அண்ணன் அப்போது வேட்டி கட்டி மணவறையில் நின்றார். எனக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. மணப்பெண் கையில் பொரியிட ஓர் அண்ணன் வேண்டுமே என்று அம்மா கலங்கியபோது, நான் இருக்கிறேன் என்று முன்னமே சொல்லியிருந்தார்.

"வொய்பி இல்லன்னு சொல்லு லா. இங்க பொண்ணோட அண்ணன்தான் இருக்கேன். சடங்கு முடியட்டும், வரேன்."

என் கையில் பொரியை இட்டபோது அவர் கண் லோரி நின்ற பக்கமே போய் வந்தது. அவருக்கும் பயம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சடங்கு முடிந்து வெளியே போனார். சண்டை நடக்கும் என்றே நினைத்தோம். அவரோ அந்த மலாய்க்கார அதிகாரியைக் கையோடு பந்திக்கு அழைத்து வந்து, "மாக்கான் டூலு, என்சிக்" என்றார். முதலில் சாப்பிடுங்கள் ஐயா என்று உட்காரவைத்து, இலை போட்டுத் தாமே பரிமாறினார். கல்யாண வீட்டில் கை நனைத்தவருக்கு அதே வீட்டை இடிக்க மனம் வருமா? லோரி வந்த வழியே திரும்பியது. அதன்பின் அண்ணன் சட்டமன்றத்தில் பேசினார், நிறுவனத்தின் மேலிடத்துக்கு ஓயாமல் நடந்தார். புது வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை எங்களில் ஒருவரையும் நகர்த்தவிடவில்லை. இன்று மேருவில் எங்கள் வரிசை முழுவதும் சொந்த வீடு. அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எனக்குப் பெருமை தாளவில்லை.

கடைசித் தேர்தலில் பதவி போனது, பிறகு உடம்பும் தளர்ந்தது. படுக்கையில் இருந்தபோதும் பார்க்க வந்தவர்களைச் சாப்பிடவைக்காமல் அவர் அனுப்பியதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த அதிகாரியும் வந்திருந்தார். தலை நரைத்து, கைத்தடியோடு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலில் நின்றார். அண்ணியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

"மாக்கான் டூலு, என்சிக்."

அந்தப் பெரியவர் அழுதுவிட்டார்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த தொகுதி மக்களுக்கும், இறுதிச் சடங்கில் தேவாரம் பாடியவர்களுக்கும், பந்தல் போட்டுத் தந்த எங்கள் மேரு வரிசைக்காரர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. இன்று ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், அவர் பேசியதைவிட அது நீண்டுவிடாது. ஆனால் முதலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பொரி வாங்கிய தங்கை,
மேரு, கிள்ளான்