சுதனின் ஸ்கொட்லாந்து வீரன்

இன்று மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் ஒரு ஸ்கொட்லாந்து மாணவியைச் சந்தித்தோம்.

என்னுடன் தங்கியிருக்கும் சுதன் உடனே கேட்டான், நிஜ வீரர்களை வாங்கி விற்கும் கணினி உதைபந்தாட்ட விளையாட்டில் தன் அணிக்கு வாங்கிய இளம் ஸ்கொட்லாந்துப் பின்கள வீரனைத் தெரியுமா என்று.

தெரியுமாம். அவளுடைய ஊர்க்காரனாம். முழங்கால் காயத்தோடு அவன் கதை முடிந்தது என்றார்களாம். இன்றுதான் மறுபடி களமிறங்கினானாம்.

"மொன்றியலில் ஒரு ரசிகன் உன்னைக் கைவிடவில்லை என்று அவனுக்கு எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

சுதன் பெருமையாகத் தலையாட்டினான்.

படியேறும்போது மெதுவாகச் சொன்னான்: "மச்சான், போன கிழமை அவனை வித்துப்போட்டன்."

"ஏன்ரா?"

"ரெண்டு பிரேசில்காரர் மலிவா வந்தவங்கள்."

இப்போது கணினி முன் இருந்து அவனைத் திரும்ப வாங்கப் பார்க்கிறான். வீரன் வர மறுக்கிறான்.

நான் வீரன் பக்கம். நீங்கள்?