சாஹேப்புக்காக இன்னொரு தடவை

சிறப்பு விருந்தாளி வந்து சேரவில்லையாம், அதனால் என் மகள் ஜெயித்தது செல்லாதாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மண்டி மொஹல்லாவில் ஒரு குஸ்திக்கூடத்தில் நான்கு வருடமாகப் பயிற்சி. விடிந்ததும் அவளை அங்கே விட்டுவிட்டு, ஹெப்பாள் ஃபேக்டரிக்கு நான் பஸ் பிடிப்பேன். "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு அம்முணி குஸ்தி?" என்று எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து என் அண்ணன் போன் போடுவார். "உங்க சோலியப் பாருங்கண்ணா" என்று வைத்துவிடுவேன். அண்ணனிடம் அவ்வளவு வாய் எனக்கு.

அன்று ஜில்லாப் போட்டி. ஜெயிக்கிறவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். எடை ஏறக்கூடாதென்று இரண்டு நாளாக அரை வயிறுதான் சாப்பிட்டிருந்தாள். ஃபைனலில் எதிரே நின்றவள் இவளைவிட ஒரு சாண் உயரம். விசில் அடித்ததும் என் மகள் பாய்ந்து அவள் காலைப் பிடித்து வாரினாள். இரண்டு தோளும் மெத்தையில் பதிந்தன. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நடுவர் கையைத் தூக்கியதும் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். பல்லெல்லாம் தெரிகிற அந்தச் சிரிப்பு என் போன் வீடியோவில் இன்னும் இருக்கிறது.

கேலரியில் உட்காரவைத்து டப்பாவைத் திறந்தேன். புளிச்சோறு, இரண்டு முட்டை. வழித்துத் தின்றுவிட்டு "இன்னும் இருக்காம்மா?" என்றாள். என் பங்கையும் பிசைந்து ஊட்டினேன்.

அப்போதுதான் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார், போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர். சிறப்பு விருந்தாளியான சாஹேப் இப்போதுதான் வந்திருக்கிறாராம். ஃபைனலை அவர் எதிரில் இன்னொரு தடவை ஆட வேண்டுமாம், போட்டோ எடுக்கணுமாம். "சும்னே ஒந்து ஷோ அம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார் கன்னடத்தில். சும்மா ஒரு ஷோவாம், கொஞ்சம் அனுசரிக்கணுமாம்! கோச் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் என் முந்தானையைப் பிடித்தாள். "பேடாம்மா. வேண்டாம்னு சொல்லு. வயிறு ஃபுல்லா இருக்கு."

நான் என்ன சொன்னேன்? இருபது வருடமாக ஃபேக்டரியில் சூப்பர்வைசர் எது சொன்னாலும் "ஆய்து சார்", சரிங்க சார் என்றே சொல்லிப் பழகிய நாக்கு. வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் அதுவாகவே சொல்லிவிட்டது, "ஆய்து சார்." மகளிடம், "போ கண்ணு, சும்மாதானே. மறுபடியும் நீதான் ஜெயிப்ப" என்றேன்.

எதிராளி இவளை இடுப்போடு சேர்த்து நெருக்கித் தூக்கினாள். என் மகள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒற்றைக் கையோடு எப்படி ஆடுவது? மல்லாந்து விழுந்தாள். கூட்டம் கைதட்டியது. சாஹேப் மெத்தையில் ஏறி அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினார். ஜெயித்தவள் என்று தாளில் அந்தப் பெண்ணின் பெயரையே எழுதிக்கொண்டார்கள்.

"ஷோன்னுதானே சார் சொன்னீங்க!" என்று கத்தினேன். சாஹேப்பே கையைத் தூக்கிவிட்டார், இனி என்ன செய்ய முடியும் என்றார் வெள்ளைச் சட்டை. அட பாவி! பட்டப்பகலில், அத்தனை பேர் எதிரில். வீடியோவை எடுத்து நீட்டினேன், ஒருவனும் பார்க்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் தமிழில் சொல்லித் திட்டினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

குழாயடியில் வாந்தி எடுத்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள் மகள். நான் போய் முதுகைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டாள்.

"இப்ப இவ்ளோ கத்தறியே. அப்ப ஏம்மா ஆய்துன்ன?"

அடுத்த வருடம் அதே போட்டியில் யாரையும் நிற்கவிடவில்லை அவள். மாநிலத்தில் வெண்கலம், அதற்கடுத்த வருடம் தங்கம். இப்போது ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் நன்றாகத்தான் பேசுகிறாள். அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எதிரே வந்தால் சிரித்துக்கொண்டு வணக்கம் சொல்கிறார், வெட்கம் கெட்ட மனுஷன். அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க என்னால் முடியும். கேட்டும் இருக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நடுவர் கையைத் தூக்கியதும் அவள் கோச்சைப் பார்க்கிறாள், கூட்டத்தைப் பார்க்கிறாள். என் பக்கம் திரும்புவதில்லை.