கேட்ட மன்னிப்பைத் திரும்பக் கேட்டேன்

போன வருடம் ஆடி மாதம். பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை இருந்தால் பார்த்து ஒதுக்க வேண்டும். வயது ஐம்பத்து நான்கு. அதுவரை என் வேலையை யாரும் குறை சொன்னதில்லை.

திடீரென்று நான் பார்த்து அனுப்பிய பீஸெல்லாம் திரும்பி வந்தது. சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். கண் ஆஸ்பத்திரியில் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அப்படியென்றால் எனக்குத்தான் அக்கறை போய்விட்டது என்று நானே நம்பினேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் பையன் ஒரு பனியனை என் முன்னால் விரித்தான். நடுவில் விரல் நுழைகிற ஓட்டையாம். எனக்கு வெறும் வெள்ளைதான் தெரிந்தது. அந்த நேரம் ஃபேன் காற்றில் ஒரு நூல் பறந்தது. சட்டென்று பிடித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏனுங்க்கா, பறக்கற நூலு தெரியுது, இத்தன பெரிய ஓட்டை தெரியலீங்களா? நல்லா நடிக்கறீங்க."

அத்தனை பேர் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அன்றே வேலையை விட்டு நின்றேன்.

வீட்டில் சோறு போட்டால் தட்டுக்கு வெளியே விழுந்தது. படியில் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். மகள் கோயமுத்தூரில் ஒரு மூளை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கடிகாரம் வரையச் சொன்னார். எண்களையெல்லாம் ஒரே ஓரத்தில் குவித்துவிட்டேனாம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். கண் நன்றாக இருக்கிறது, கண் பார்ப்பதைப் புரிந்துகொள்கிற மூளையின் பின்பகுதிதான் சுருங்கி வருகிறது. டிமென்ஷியாவில் இது ஒரு வகை, ஐம்பதுகளிலேயே வரும். அசைகிற பொருள் தெரியும், கண்ணெதிரே சும்மா கிடப்பது தெரியாமல் போகலாம்.

"அப்ப எம்மேல தப்பில்லீங்களா?"

"இல்லீங்கம்மா."

மகள் அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அந்தப் பையன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பி, டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"அன்னைக்கு நாங் கேட்ட மன்னிப்பத் திருப்பிக் குடு கண்ணு."

யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை.

"தெரியாமப் பேசிப்போட்டனுங்க்கா" என்றான்.

அவனை விட்டுவிட்டேன். இந்த நோய் இன்னும் எதையெல்லாம் பிடுங்குமோ தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். ஆனால் எல்லோரும் என்னைக் குறை சொன்னபோது, எனக்காகப் பேச வேண்டிய நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேனே, அதுதான் இன்றைக்கும் ஆறமாட்டேன் என்கிறது.