படையலுக்கு முன்பே அண்ணி சாப்பிட்ட பொங்கல்

மயிலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பொங்கலன்று இறந்துபோன அப்பாவுக்குப் படையல் போட்ட பிறகுதான் சமைத்தவர்கள் சாப்பிட வேண்டும். சமைப்பது அம்மாவும் அண்ணியும் மட்டுமே.

அண்ணிக்குச் சர்க்கரை நோய். வீட்டில் படித்தவன் என்பதால், மாத்திரையை ஞாபகப்படுத்துவது என் வேலை. அன்று காலையும், "மாத்திர போட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"போட்டுட்டேன் தம்பி."

சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றவில்லை. நானும் அண்ணனும் வாழை இலை வாங்கக் கூட்டேரிப்பட்டு போய், அங்கேயே பூரியும் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

பதினொரு மணிக்கு, வடை சுட்டுக்கொண்டிருந்த அண்ணி அப்படியே எண்ணெய்ச் சட்டிப் பக்கம் சாய்ந்தார். அம்மா பாய்ந்து இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டார். அண்ணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். நான் செல்போனில் டாக்டர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா படையல் பானையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை அள்ளிவிட்டார்.

"அத்த, இன்னும் படைக்கலியே..." என்று அண்ணி முகத்தைத் திருப்பினார்.

"உன் மாமனாரு கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறடி!"

நாலு வாய் ஊட்டியதும் கொஞ்ச நேரத்தில் அண்ணி தெளிந்தார். வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை உடம்பின் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாத அம்மாவை அன்று பிரமித்துப் பார்த்தேன். மீதிப் பொங்கலையே அப்பாவுக்குப் படைத்தார்.

இப்போதெல்லாம் அண்ணி இட்லி சாப்பிட்டுத்தான் மாத்திரை போடுகிறார். பண்டிகைக்கு வடையும் சாம்பாரும் நானும் அண்ணனும் செய்கிறோம். வெறும் வயிறும் எங்களுக்குத்தான். போன தீபாவளிக்கு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடா, பசிக்குதா?" என்றார். ஆமாம் என்றேன்.

"பசிக்கட்டும். வடையத் திருப்பு, கருவுது."